கீழே ஃப்ரீசர் வைத்த ஃபிரிட்ஜ்

எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு ஃபிரிட்ஜ் வாங்க நாங்கள் ஏன் அத்தனை கடை ஏறி இறங்கினோம் என்பது விளங்காது.

பிறவியிலேயே சைவம் இல்லை நாங்கள். கடலூர் முதுநகரில் ரயிலடிக்குப் பக்கத்தில் வீடு. சின்ன வயதில் மீன் குழம்பு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. பிறகு என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சிதம்பரம் நடராஜரிடம் வேண்டிக்கொண்டேன். இவள் பிழைத்து வந்தால் எங்கள் அடுப்பில் இனி கவுச்சி ஏறாது என்று. பிழைத்து வந்தாள். அன்றிலிருந்து ஏறவில்லை. நான் பத்தாவது தாண்டாதவன். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு பார்த்து ஓய்ந்தவன். சாஸ்திரமெல்லாம் எனக்குத் தெரியாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மட்டும் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகன். அவனுக்குக் கிள்ளையில் பெண் எடுத்தோம். கிள்ளை என்றால் உப்பங்கழி. காலையில் கண் விழித்தால் கொடுவா, இறால், நண்டு. அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டாம் நாளே என் மனைவியிடம் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அத்தை, கருவாடு கூடவா கெடையாது?"

"கெடையாதுடி."

"முட்டை?"

"கெடையாதுடி."

"அப்ப சிதம்பரத்துல நான் என்ன துன்னாலும் கேக்காதீங்க," என்று சிரித்தாள். அவளுக்குச் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினமும் முதுநகரில் ரயில் ஏறிப் போய் வருவாள். மதியம் வெளியில் சாப்பிட்டுக்கொள்வாள். வீட்டில் எங்களோடு சாம்பார். ஒரு பேத்தி பிறந்து அவளுக்கு நாலு வயது ஆகும்வரை இதில் ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை.

அடுத்து உண்டானபோது ஸ்கேனில் இரட்டை என்றார்கள். ரத்தம் கம்மியாக இருக்கிறது, மீன், முட்டை நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவளுடைய அம்மா வாரத்தில் இரண்டு நாள் மீனைக் கழுவி எடுத்துக்கொண்டு கிள்ளையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவார். வாசலோடு வர மாட்டார். எங்கள் நேர்த்திக்கடன் தெரிந்தவர். பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போவார். அங்கே துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே, மருமகளுக்கென்று தனி அடுப்பு போட்டிருந்தோம். மிச்ச மீனை வைக்க ஒரு தெர்மாகோல் பெட்டி. அதில் ஐஸ் கட்டி. பூனை தள்ளாமல் இருக்க மூடியின் மேல் ஒரு செங்கல்.

வீட்டுக்குள் இருந்த ஃபிரிட்ஜ் ஒற்றைக் கதவு. என் மகன் பள்ளிக்கூடம் படிக்கும்போது வாங்கியது. அடியில் துரு ஏறி, கதவில் ரப்பர் விட்டுப்போய், ஒரு நாற்காலியை அண்டக் கொடுத்தால்தான் மூடி இருக்கும். அதில்தான் பிரதோஷத்துக்கு வாங்கிய பால் சாயங்காலம் வரை இருக்கும். நந்திக்கு அபிஷேகம் ஆகிற பால். அதே பெட்டியில் மீனை எப்படி வைப்பது? அவளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஒருநாள் மகன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான். "அப்பா, சிதம்பரத்துல வீடு பாக்கலாம்னு இருக்கறேன்."

என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா?"

"அவ இந்த வயித்த வச்சிகினு ரயில்ல போயிட்டு வர்றா. வந்து பின்னாடி போயி குந்திகினு சமைக்கிறா. எனக்குப் பாக்க முடியலம்மா. யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா முடியல."

அன்றைக்கு எனக்குத் தோன்றியதுதான் இந்த ஃபிரிட்ஜ். பெரியதாக ஒன்று வாங்கினால் அவள் மீனை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையே மாவு, காய், குழம்புக்கு அரைத்தது எல்லாம் எடுத்து வைத்துவிட்டால் விடியலில் எழுந்து அல்லாட வேண்டாம். நாளைக்கு ஒன்றுக்கு மூன்று பிள்ளைகள், அதுங்களுக்குப் பால். இடம் வேண்டும். மகனிடம் சொன்னேன். அவன், "சரிப்பா, பாப்போம். அது வந்து சரியா இருந்துச்சின்னா இங்கயே இருக்கறோம்," என்றான். இருக்கிறோம் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் கடைக்குக் கிளம்பினேன்.

முதலில் கடலூரிலேயே பார்த்தோம், நானும் மனைவியும். கடைக்காரப் பையன் கழுத்தில் அட்டை தொங்க ஓடி வந்தான்.

"எத்தன பேருக்கு சார்?"

"நாங்க ரெண்டு, புள்ள மருமவ ரெண்டு, பேத்தி ஒண்ணு. அப்புறம் ரெண்டு வருது."

"வருதுன்னா, விருந்தாளிங்களா?"

"வயித்துல இருக்குதுப்பா," என்றாள் என் மனைவி.

அவன் நேரே இரட்டைக் கதவு வரிசைக்குக் கூட்டிப்போனான். கரண்டு இழுக்காததாக வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். ஸ்டார் ஒட்டியிருக்கிற தாளைத்தான் முதலில் பார்த்தேன். அஞ்சு ஸ்டார் எல்லாம் சின்ன ஒற்றைக் கதவில் மின்னிக்கொண்டிருந்தது. பெட்டி பெரிதாகப் பெரிதாக ஸ்டார் குறைந்துகொண்டே வந்தது. "பெருசுல மூணு கெடச்சாலே ஜாஸ்தி சார்," என்றான். "ஆனா ஒண்ணு, கதவ சும்மா சும்மா தொறந்து மூடினா எந்த ஸ்டாரா இருந்தாலும் இழுக்கத்தான் செய்யும்."

என் மனைவி ஸ்டாரைப் பார்க்கவில்லை. மேல் கதவைத் திறந்தாள், மூடினாள். கீழ்க் கதவைத் திறந்தாள். மறுபடி மேலே திறந்தாள்.

"மேலதான் ஐஸ் பெட்டியா?"

"ஆமாம்மா. மீனு, கறி எல்லாம் மேல. பாலு, காயி கீழ."

அவள் என்னைப் பார்த்தாள். "என்னாங்க, மீனு மேல இருந்துச்சின்னா அதுக்குக் கீழயா சாமி பால வைக்கிறது?"

"நடுவுல தடுப்பு இருக்குதும்மா. ஒரு சொட்டு எறங்காது."

"எறங்குதோ எறங்கலியோ. மேல இருக்குதில்ல?"

அவன் சளைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவு வைத்த பீரோ மாதிரி ஒன்றைக் காட்டினான். ஒரு பக்கம் முழுக்க ஃப்ரீசர், ஒரு பக்கம் முழுக்க ஃபிரிட்ஜ். என் மனைவிக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அது எங்கள் சமையல்கட்டு வாசலில் நுழையாது. நுழைந்தாலும் நாங்கள் வெளியில் நின்றுதான் சமைக்க வேண்டும். இப்படியே ஒரு கடை, இன்னொரு கடை. மற்ற எல்லா ஃபிரிட்ஜிலும் ஃப்ரீசர் மேலேதான் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி ஒரு யோசனை சொன்னாள். "அவளுக்குன்னு சின்னதா ஒண்ணு வாங்கி பின்னாடி வச்சிட்டா என்ன?" நல்ல மனதோடுதான் சொன்னாள். மகன் நிமிர்ந்து பார்த்தான். "தனி அடுப்பு, தனி ஃபிரிட்ஜி. அதுக்கு தனி வீடே போயிடலாமேம்மா," என்றான். மருமகள் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் அவிழ்ந்து அவிழ்ந்து போயிற்று.

சிக்கலைத் தீர்த்தது மருமகள்தான். வேலை செய்யுமிடத்தில் மருந்து வைக்கிற ஃபிரிட்ஜைப் பழுது பார்க்க வந்தவரிடம் விசாரித்திருக்கிறாள். "மாமா, கீழ ஃப்ரீசர் இருக்கற மாதிரியும் வருதாம். சிதம்பரத்துலயே ஒரு கடையில இருக்குதாம். மேல உங்குளுது, கீழ என்னுது. சரியாப் போச்சா?"

எனக்கு அப்போது வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. நடராஜரே வழி காட்டினார் என்று நினைத்தேன். சனிக்கிழமை மகனையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போனோம். சன்னதியில் கும்பிட்டுவிட்டு, விபூதி நெற்றியோடு கடைக்குப் போனோம். மருமகள் வேலையிலிருந்து மதிய நேரத்தில் நேரே அங்கே வந்தாள்.

பெரிய பெட்டி. உள்ளே விளக்கு. மேலே நான்கு தட்டு, கீழே இழுக்கிற மாதிரி இரண்டு அறை. கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "இதுல என்ன வசதின்னா, அம்மா குனிய வேண்டியதே இல்ல. காயி, பாலு எல்லாம் கண்ணுக்கு நேரா."

"பாத்தியா?" என்றேன் மனைவியிடம்.

மருமகள் கீழ் அறையை இழுத்துப் பார்த்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மெல்ல, பக்கவாட்டில் குனிந்தாள். நிமிரும்போது மகன் கை கொடுத்தான். மூச்சு வாங்கச் சிரித்தாள். "கால்மாட்டுலயாவது ஒரு எடம் கெடச்சிதே மாமா," என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வேடிக்கைப் பேச்சுக்காரப் பெண், அதனால் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று ஸ்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆடித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்ததால் விலையும் படிந்தது. கடைக்காரர், "நாளைக்கே எறக்கிடலாமா?" என்று கேட்டார்.

நானும் மனைவியும் ஒரே குரலில் சொன்னோம்: "ஆவணியில."

இதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆடித் தள்ளுபடியில் வாங்குவோம். ஆனால் ஆடியில் புதுப்பொருளை வீட்டுக்குள் ஏற்ற மாட்டோம். பணத்தைக் கட்டிக் கடையிலேயே போட்டுவைத்து, ஆவணி முதல் நல்ல நாளில் இறக்குவோம். கடைக்காரரும் பழகியவர்தான். "பேரு எழுதி வச்சிடறேன் சார். குடோன்ல உங்குள மாதிரி நெறைய நிக்குது," என்றார்.

மகன்தான் முகத்தைச் சுளித்தான். "ஃபிரிட்ஜிக்கு என்னப்பா ஆடி? அவளுக்கு இப்பத்தான வேணும்?"

"வயித்துல ரெண்டு உசுரு இருக்குதுடா. இந்த நேரத்துல ஆடியில ஒண்ண உள்ள கொண்டாந்து வச்சி, ஏதாவது ஒண்ணுன்னா?" என்றாள் என் மனைவி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மருமகள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். "இருக்கட்டும் வுடு. ஒரு மாசம்தான? பூனையும் நானும் சமாளிச்சிக்கறோம்."

ஆடியில் எங்கள் பக்கம் சில நாள் சாயங்காலம் இடித்துக்கொண்டு ஒரு மழை வரும். அப்படி ஒரு மழை பெய்து விட்ட மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பூஜையில் இருந்தேன். மனைவி பூப்பறிக்கப் போயிருந்தாள். மருமகள் பின்பக்கம் போய், பெட்டி மேல் இருந்த செங்கல்லைத் தூக்கக் குனிந்திருக்கிறாள். துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி. சத்தம் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. "அத்தை" என்று ஒரு குரல். அவ்வளவுதான். நான் ஓடிப் பார்த்தபோது சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். பெட்டி கவிழ்ந்து ஐஸும் மீனும் தரையெல்லாம் கிடந்தன. என் கையில் விபூதி இருந்தது. அதை அவள் நெற்றியில் பூசினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளைப் பார்க்கிற டாக்டரம்மா சிதம்பரத்தில் இருப்பதால் கார் பிடித்து அங்கேயே கொண்டுபோனோம். வழி முழுக்க நான் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டே போனேன். கடவுள் கைவிடவில்லை. குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் பிரசவம் வரை படுக்கையைவிட்டு எழக்கூடாது, ரயில், பஸ் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

கிள்ளையிலிருந்து அவளுடைய அம்மா வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மகளின் காலைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் கூட்டிகினு போறேண்ணா. உங்குள குத்தம் சொல்லல. நீங்க தங்கமாத்தான் வச்சிருந்தீங்க. ஆனா நான் கூட்டிகினு போறேன்."

நான் தலையாட்டினேன்.

மருமகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தோம். திடீரென்று, "ஃபிரிட்ஜி எப்ப வருது மாமா?" என்று கேட்டாள்.

"ஆவணி மொத வெள்ளிக்கெழமம்மா."

"ம்," என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருமகளோடு மகனும் பேத்தியும் கிள்ளைக்குப் போய்விட்டார்கள். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜ் வந்தது. இரண்டு பேர் தூக்கிவந்து சமையல்கட்டில் நிறுத்தினார்கள். மனைவி கதவில் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, முதலில் ஒரு சொம்புப் பாலும் மல்லிகைப் பூவும் உள்ளே வைத்தாள். மாட்டிவிட வந்தவர் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் கீழ் அறையை இழுத்துக் காட்டி, "இத காலியா போட்டு வைக்காதீங்க சார். எதுனா நெறஞ்சி இருந்தாத்தான் குளிரு நிக்கும், கரண்டும் கம்மியா இழுக்கும்," என்றார்.

அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கீழ் அறையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் வைக்க எங்களிடம் ஒன்றுமில்லை. பழைய தண்ணீர் பாட்டில்களைக் கழுவி, தண்ணீர் பிடித்து, வரிசையாக அடுக்கினேன்.

ஐப்பசியில் பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் ஆண். கிள்ளையில் இருந்தபடியே மகன் சிதம்பரத்தில் வீடு பார்த்துவிட்டான். மாடியில் ஒரு போர்ஷன். ஆஸ்பத்திரி பக்கம், வேலை பக்கம், கிள்ளையும் பக்கம். காரணம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. போனில்தான் சொன்னான்.

"அப்ப ஃபிரிட்ஜ அங்க எடுத்துகினு போங்கடா. உங்குளுக்குத்தான வாங்கினது," என்றேன்.

"மாடிப்படி வளைவுல ஏறாதுப்பா. அளந்து பாத்துட்டேன்."

அளந்து பார்த்திருக்கிறான் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"சின்னதா ஒண்ணு வாங்கிட்டோம். சிங்கிள் டோரு. அஞ்சு ஸ்டாரு," என்றான்.

"ஃப்ரீசரு?"

"மேலதாம்பா."

அந்த வீட்டுக்கு நான் மாதம் ஒருமுறை போகிறேன். நடராஜரைக் கும்பிட்டுவிட்டு, மாடிப்படி ஏறிப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவேன். போன தடவை போனபோது அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மருமகள் பதறிப்போய் அணைக்கப் போனாள். நான் வேண்டாம் என்றேன். எங்கள் அடுப்பில் கவுச்சி ஏறாது என்றுதான் நான் சாமிக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு கெடவில்லை. அது எங்கள் அடுப்பு இல்லையே. ரயிலில் திரும்பி வரும்போதுதான் இது எனக்கு உறைத்தது. வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு மனிதன் அழ முடியுமா? ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

இன்றைக்கும் ஆடியில் புதுப்பொருளை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனம் துணியாது. அதுவும் உண்மைதான். மகன் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவன் கேட்பதில்லை.

பங்குனியில் ஒருநாள் எல்லோரும் வந்தார்கள். காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புவதாகத்தான் வந்தார்கள். என் மனைவி இரண்டு நாளாகவே ஃபிரிட்ஜைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். மருமகள் அந்த ஃபிரிட்ஜை வீட்டுக்குள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சின்னவனுக்குச் சளி. தண்ணீர் கலந்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்து கொடுத்திருந்தார்கள். அதை வைக்க மேல் கதவைத் திறந்தாள். உள்ளே பால் ஒரு சொம்பு, இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு கட்டுக் கொத்தமல்லி. விளக்கு மட்டும் பெரிதாக எரிந்தது.

"என்னா அத்தை, மைதானமா இருக்குது?" என்றாள்.

"ரெண்டு பேருக்கு என்னாடி இருக்கும்?"

குனிந்து கீழ் அறையை இழுத்தாள். இப்போது அவளால் சுலபமாகக் குனிய முடிந்தது. பாட்டில்கள் வெள்ளையாக உறைந்து வரிசையாகக் கிடந்தன.

"இது என்னா மாமா?"

"காலியா வச்சா கரண்டு ஜாஸ்தி ஆவுமாம்மா."

அவள் ஒரு பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். என் மனைவி கிட்டே வந்து, "அடுத்த தடவ வரும்போது மீனு எடுத்தாந்து வையி. ரெண்டு நாளு தங்கிட்டுப் போவலாம். உள்ளயே வச்சிக்கலாம்டி," என்றாள். அந்தக் குரலில் மாமியார் மாதிரி ஒன்றுமே இல்லை.

"சரிங்கத்தை," என்றாள் மருமகள். அது வாய் வார்த்தைக்குச் சொன்ன சரி என்று எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். வெயில் அன்றைக்கு ரயிலிலும் கொதிக்கும். "அத்தை, அந்த தெர்மாகோல் பொட்டி இருக்குதா?"

பரணில் இருந்தது. மூடி ஒரு மூலையில் உடைந்திருந்தது. துடைத்து எடுத்துக்கொடுத்தேன். கீழ் அறையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் துண்டில் சுற்றி உள்ளே வைத்தாள். அதன் மேல் மருந்தை வைத்து மூடினாள். பேத்தி, "நான் தூக்கிகினு வரேன்," என்று அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ரயிலேற்றிவிட்டுத் திரும்பினோம். மனைவி விளக்கேற்றப் போனாள். நான் சமையல்கட்டுக்குப் போய்க் கீழ் அறையை இழுத்துப் பார்த்தேன். ஒரு பாட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. இன்னொரு பாட்டிலைக் கழுவி, தண்ணீர் பிடித்து, அந்த இடத்தில் வைத்து மூடினேன்.